நிலவு நிற்கும் தொலைவில் வேறொரு கோள் நின்றால்

மாசி மகத்தன்று மாலை கடலூரின் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நிலவு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் கேட்ட கேள்வியை எனக்கு எழுதியிருந்தீர்கள்: நிலவு இருக்கும் அதே தொலைவில் செவ்வாயோ வியாழனோ சனியோ இருந்தால் அது எவ்வளவு பெரியதாகத் தெரியும்? அதோடு, ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் கைபேசிக்கு வந்து சேரும் 'இன்றிரவு செவ்வாய் முழுநிலவின் அளவுக்குத் தெரியும்' என்ற செய்தி உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே என்பதால் சேர்த்தே விடை எழுதுகிறேன்.

கைபேசிச் செய்தியை முதலில் முடித்துவிடலாம். 2003 ஆகஸ்டு 27 அன்று செவ்வாய் பூமிக்கு 5.58 கோடி கிலோமீட்டர் தொலைவில் வந்தது. அதற்கு முந்தைய ஏறத்தாழ 60,000 ஆண்டுகளில் அது அவ்வளவு அருகில் வந்ததில்லை. அப்போது பரவிய செய்தியில், 75 மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி வழியே பார்த்தால் செவ்வாய், வெறுங்கண்ணுக்கு முழுநிலவு தெரியும் அளவுக்குத் தெரியும் என்று இருந்தது. அது சரியான கூற்று. கைமாறிக் கைமாறி வந்ததில் தொலைநோக்கி உதிர்ந்துபோய், நிலவு மட்டும் மிஞ்சிவிட்டது. வெறுங்கண்ணுக்குச் செவ்வாய் நிலவளவு தெரிய வேண்டுமானால் அது சுமார் 7.5 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்கு, அதாவது நிலவின் தொலைவைப்போல் இருமடங்குக்குள், வந்தாக வேண்டும். அது தன் பாதையில் சுற்றும்வரை அவ்வாறு வர வழியில்லை. ஆகவே அந்தச் செய்தி வரும்போது தயங்காமல் அழித்துவிடலாம்.

இனி உங்கள் மகளின் கேள்வி. வானத்தில் ஒரு பொருள் எவ்வளவு பெரியது என்பதைக் கிலோமீட்டரில் சொன்னால் மனத்தில் எதுவும் பதியாது. நம் கண்ணில் அது எத்தனை பாகையை (டிகிரியை) அடைக்கிறது என்று சொல்ல வேண்டும். இதற்குக் கையே போதும். கையை முழுவதும் நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரலின் அகலம் ஏறத்தாழ ஒரு பாகை, கட்டைவிரல் இரண்டு பாகை, மூடிய கைப்பிடி பத்துப் பாகை, விரித்த சாண் இருபது பாகை. சிறியவர்களுக்கு விரலும் சிறிது, கையும் குட்டை என்பதால் இந்த அளவு அவர்களுக்கும் ஏறக்குறையப் பொருந்தும். நிலவின் விட்டம் 3,474 கிலோமீட்டர், அதன் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். எனவே அது அரைப் பாகைதான், நீட்டிய சுண்டுவிரலில் பாதி. முதல்முறை இதைச் செய்து பார்க்கும் எவரும் நம்ப மறுப்பார்கள், ஏனென்றால் கடல்விளிம்பில் எழும் நிலவு தாம்பாளம் போலத் தெரிகிறது. அது நம் மூளை செய்யும் மயக்கம். எழும்போதும் விரலால் அளந்து பாருங்கள், உச்சிக்கு வந்தபின்னும் அளந்து பாருங்கள், வேறுபாடு தெரியாது. நுணுக்கமாகச் சொன்னால், உச்சியில் இருக்கும்போது நிலவு நமக்கு 6,000 கிலோமீட்டருக்கும் மேல் நெருங்கியிருப்பதால் அப்போதுதான் அது ஒரு சிறிது பெரியது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோளாக நிலவின் இடத்தில் நிறுத்துவோம். புதன் பெரிய வியப்பைத் தராது. அதன் விட்டம் 4,879 கிலோமீட்டர். நிலவைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவு. நிலவைப் போலவே சாம்பல் நிறமும் பள்ளங்களும் கொண்ட அதை, நிலவு சற்று வீங்கிவிட்டது என்றே பலரும் நினைப்பார்கள்.

செவ்வாய் வேறு வகை. அது நிலவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு அகலமாக, ஒரு பாகை அளவில், சுண்டுவிரல் நுனியால் மறைக்கக்கூடிய வட்டமாகத் தோன்றும். நிறம் இரத்தச் சிவப்பாக இராது; பொம்மையார்பாளையத்துச் செம்மண் மேடுகள் வெயிலில் வெளிறிக் கிடக்கும் காவி நிறத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கூர்மையான கண்ணால் பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிய முடியும். நிலவின் தொலைவில் அது சுமார் 110 கிலோமீட்டர். எனவே செவ்வாயின் துருவங்களில் உள்ள வெண்பனித் தொப்பிகள் வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒலிம்பஸ் என்னும் மாபெரும் எரிமலை ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அகலம் உடையது என்பதால் ஒரு சிறு புள்ளியாகப் புலப்படும். மாரினர் பள்ளத்தாக்கின் நீளம் சுமார் 4,000 கிலோமீட்டர். இப்போதைய முழுநிலவின் அகலத்தையே மிஞ்சும் கீறல் ஒன்று அந்த வட்டின் நடுவே ஓடும். செவ்வாய் 24 மணி 37 நிமிடத்தில் தன்னைத் தானே சுற்றிவருவதால் நிலவைப் போல ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிராது. மாலையில் பார்த்த நிலப்பரப்பு நள்ளிரவுக்குள் விளிம்புக்கு நகர்ந்துவிடும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே கோள் முழுவதையும் மூடும் புழுதிப் புயல் எழும்போது அத்தனை அடையாளங்களும் அழிந்து, வெறும் காவி வட்டம் மட்டும் வாரக்கணக்கில் நிற்கும். பூமி தவிர்த்த ஏழு கோள்களிலும் இந்தக் காட்சியைத்தான் நான் மிகவும் விரும்புவேன், ஏனென்றால் பார்க்கப் பார்க்கத் தீராத செய்தி அதில் இருக்கிறது.

வெள்ளியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அது நிலவைப்போல் மூன்றரை மடங்கு அகலமாக, கட்டைவிரல் அகலத்துக்குச் சற்றே குறைந்து, 1.8 பாகையை அடைக்கும். ஆனால் அதன்மேல் பார்ப்பதற்கு ஒன்றும் இராது. அடர்ந்த மேகம் கோள் முழுவதையும் மூடியிருப்பதால் கறையற்ற வெண்மஞ்சள் பரப்பு மட்டுமே தெரியும். ஆனால் அதன் ஒளியோ எதிர்பாராதது. நிலவின் மண் உண்மையில் கருநிறமானது. தன்மேல் விழும் ஒளியில் சுமார் எட்டில் ஒரு பங்கையே நம் பக்கம் திருப்புகிறது. வெள்ளியின் மேகங்கள் அதைவிட ஐந்தாறு மடங்கு பளிச்சென்றவை, பரப்போ பன்னிரண்டு மடங்கு. இரண்டையும் பெருக்கினால் முழு வெள்ளி முழுநிலவைப்போல் ஏறத்தாழ எழுபது மடங்கு ஒளிதரும். தெருவிளக்கின் அடியில் நிற்பது போன்ற வெளிச்சம் கடற்கரை முழுவதும் பரவும், செய்தித்தாள் வாசிக்கலாம். இதை மகிழ்ச்சியான செய்தியாக மட்டும் கொள்ள வேண்டாம். நம் கரையில் முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சுகள் கடல் பக்கத்து ஒளியை அடையாளமாக வைத்தே நீரை நோக்கி நடக்கின்றன. மேற்கே அப்படி ஒரு வெள்ளி சாயும் இரவில் அவை ஊர்ப்பக்கம் திரும்பிவிடும்.

வெள்ளி என்றதும் புதுச்சேரியைப் பற்றி ஒரு செய்தி சொல்லாமல் நகர முடியவில்லை. சூரிய வட்டத்தின் குறுக்கே வெள்ளி கடந்து செல்வதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்பதற்காக, கியோம் லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760இல் புதுச்சேரியை நோக்கிக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் 1761 ஜூன் 6 அன்று நடந்த கடப்பை ஆடும் கப்பலின்மேல் நின்று பார்த்தார். அளவு எடுக்க முடியவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து வரவிருந்த அடுத்த கடப்புக்காக நாடு திரும்பாமல் கீழ்த்திசையிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து ஓர் ஆய்வுக்கூடம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, கடப்பு நிகழ்ந்த நேரம் முழுவதும் மேகம் சூரியனை மறைத்திருந்தது. எல்லாம் முடிந்தபின் வானம் வெளுத்தது. அவர் பார்க்க விரும்பிய அந்தக் கரும்புள்ளி, சூரிய வட்டத்தின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குதான். அதே வெள்ளி நிலவின் தொலைவில் இருந்தால் சூரியனைவிட மூன்றரை மடங்கு அகலமாகி, ஒவ்வொரு சூரிய கிரகணத்தையும் நீண்ட, ஆழ்ந்த முழுக் கிரகணமாக ஆக்கிவிடும். ஒரு கோளின் உண்மைத் தொலைவு எவ்வளவு என்பதை இந்த இரண்டு காட்சிகளுக்கு இடையிலான வேறுபாடு உணர்த்தும் அளவுக்கு எந்த எண்ணும் உணர்த்துவதில்லை என்பது என் கருத்து.

இதன் மறுபக்கமும் சுவையானது. சந்திர கிரகணத்தின்போது நிலவின்மேல் விழும் பூமியின் கருநிழல், அந்தத் தொலைவில் சுமார் 9,200 கிலோமீட்டர் அகலம் உடையது. நிலவும் புதனும் செவ்வாயும் அதற்குள் முழுமையாக மூழ்க முடியும். வெள்ளியின் விட்டம் 12,104 கிலோமீட்டர் என்பதால் அது ஒருபோதும் முழுதாக மறையாது. ஒளிரும் வெண்வட்டத்தின் நடுவே நம் பூமியின் நிழல் கருவட்டமாக ஊர்ந்து செல்வதை, அதாவது நாம் நிற்கும் உலகின் வடிவத்தை, குழந்தைகளும் நேரில் பார்ப்பார்கள். பூமி உருண்டை என்பதற்கு வேறு சான்று தேவைப்பட்டிராது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர், மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு, தரையில் சோழிகளை வைத்து எண்ணி, 1825ஆம் ஆண்டின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை ஜான் வாரன் என்பவர் பதிவு செய்திருக்கிறார். நிலவின் இடத்தில் வெள்ளி இருந்திருந்தால் அந்த வாய்பாடு முழுவதும் வேறாகத்தான் இருந்திருக்கும்.

யுரேனஸும் நெப்டியூனும் அளவில் ஏறத்தாழ இரட்டையர். இரண்டும் நிலவைப்போல் சுமார் பதினான்கு மடங்கு அகலமாக, ஏழரைப் பாகையளவில், நீட்டிய கையின் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தாற்போல் இருக்கும். நெப்டியூன் அடர்நீலம் என்று பாடநூல் படங்களில் பார்த்திருப்பீர்கள். அந்தப் படங்கள் விவரம் தெரிவதற்காக நிறம் கூட்டப்பட்டவை. 2024இல் வெளிவந்த ஆய்வு, இரண்டு கோள்களும் ஏறக்குறைய ஒரே வெளிர் பச்சை கலந்த நீலம் என்றும், நெப்டியூனில் நீலம் மிகச் சிறிதளவே கூடுதல் என்றும் தெளிவாக்கியது. யுரேனஸைச் சுற்றி மெல்லிய, கரிய வளையங்கள் உள்ளன. 1977 மார்ச் 10 அன்று அந்தக் கோள் ஒரு விண்மீனை மறைத்தபோது அவை வெளிப்பட்டன. நம் காவலூர் வானாய்வகத்திலும் அந்த மறைப்பு நோக்கப்பட்டது.

சனியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் உலவும் கற்பனைக் காணொளிகள் இங்கேதான் அதிகம் தவறுகின்றன. சனியின் உருண்டை மட்டும் பதினெட்டுப் பாகை. ஏறக்குறைய ஒரு சாண். வளையங்களின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 39 பாகை, அதாவது இரண்டு சாண். விரைந்து சுழல்வதால் நடுப்பகுதி புடைத்து, துருவங்கள் பத்தில் ஒரு பங்கு தட்டையாகியிருப்பது கண்ணுக்கே தெரியும். காணொளிகளில் வளையம் எப்போதும் அழகாகச் சாய்ந்து விரிந்திருக்கும். ஆனால் சனியிலிருந்து 3,77,400 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ நம் நிலவின் தொலைவிலேயே, டயோனி என்னும் துணைக்கோள் உண்மையாகவே சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் வளையம் விரிந்து தெரியாது. டயோனி வளையத்தின் தளத்திலேயே சுற்றுகிறது, பெரும்பாலான இடங்களில் வளையத்தின் தடிமனோ பத்து மீட்டர் அளவுதான். எனவே அங்கே சனியின் குறுக்கே ஒரு மெல்லிய கோடும், கோளின்மேல் அந்த வளையம் வீழ்த்தும் நிழல் பட்டைகளும் மட்டுமே தெரியும். பூமி அந்தத் தளத்துக்குச் சாய்வான பாதையில் சுற்றினால் மட்டுமே காணொளிக் காட்சி கிடைக்கும். இன்னொன்றும் உண்டு: வளையங்கள் பெரும்பாலும் நீர்ப்பனிக்கட்டிகள். சனி சூரியனிலிருந்து பூமியைவிட ஒன்பதரை மடங்கு தள்ளி இருப்பதால்தான் அவை பனியாக நிலைத்திருக்கின்றன. நம் தொலைவுக்குக் கொண்டுவந்தால் வால்மீனின் தலை ஆவியாவதுபோல் அவை ஆவியாகத் தொடங்கும். நீண்ட காலம் அந்த வளையத்தை நாம் வைத்திருக்க முடியாது.

வியாழன் வானத்தில் 21 பாகை. நிலவைப்போல் நாற்பத்தொரு மடங்கு அகலம். பரப்பில் 1,700 முழுநிலவுகள். நீட்டிய கையின் சாணை விரித்துப் பிடித்தாலும் ஓரங்கள் சற்றே வெளியே தெரியும். மேகப் பட்டைகளின் நெளிவுகளும் சுழிகளும் வெறுங்கண்ணுக்கே துல்லியமாகப் புலப்படும். பெருஞ்செம்புள்ளி என்னும் புயல் மட்டுமே நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அகலத்துக்கு இருக்கும். சூரியனுக்கு இவ்வளவு அருகில் வந்துவிட்ட வியாழனின்மேல் இப்போது விழுவதைப்போல் 27 மடங்கு வெயில் விழும். முழு வியாழனின் இரவு, முழுநிலவு இரவைவிட ஏழாயிரம் மடங்கு ஒளியுடன், கார்மேகம் மூடிய பகலைப் போல இருக்கும். விண்மீன்களை அப்படிப்பட்ட வானத்தில் தேட வேண்டியதில்லை.

காணொளிகளில் பெரும்பாலானவை இங்கே நின்றுவிடுகின்றன: கடற்கரை அப்படியே இருக்கிறது, அலை அப்படியே அடிக்கிறது, நிலவு இருந்த இடத்தில் ஒரு பெரிய வண்ண உருண்டை தொங்குகிறது. ஆனால் ஒரு கோளின் உருவத்தை மட்டும் அருகில் கொண்டுவந்து அதன் நிறையை அங்கேயே விட்டுவிட முடியாது. வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறையுடையது. அது நம்மைச் சுற்றாது. நாம் அதைச் சுற்றுவோம், அதுவும் 37 மணி நேரத்துக்கு ஒரு சுற்று. பூமி தன்னைத் தானே சுற்றும் திசையிலேயே இந்த ஓட்டமும் அமைந்தால், தேவனாம்பட்டினத்தில் நிற்பவருக்கு வியாழன் மிக மெதுவாகவே நகரும். இப்போது நிலவு கடலிலிருந்து முழுதாக வெளிவர இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகிறது. வியாழனின் மேல்விளிம்பு கடலில் தென்பட்டதிலிருந்து கீழ்விளிம்பு நீரைவிட்டு விலகும்வரை நான்கு மணி நேரம் ஆகும். ஒருமுறை எழுந்தபின் அடுத்த எழுச்சிக்கு 68 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எழுவதிலிருந்து மறைவதற்குள்ளாகவே வளர்பிறையும் தேய்பிறையும் ஏறக்குறைய ஒரு முழுச் சுற்றை முடித்துவிடும். பாதையின் சாய்வு குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் சூரியன் வியாழனுக்குப் பின்னால் சென்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் மறைந்திருக்கும். நண்பகலிலும் அது நிகழலாம்.

கடலைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது, ஏனென்றால் நீங்கள் நிற்கும் கரை 2004 டிசம்பர் 26இன் நினைவைச் சுமந்த கரை. நம் பகுதியில் அமாவாசை, முழுநிலவு ஆகிய உவா நாட்களிலும் ஓதத்தின், அதாவது நிலவின் இழுப்பால் கடல்மட்டம் உயர்ந்து தாழ்வதன், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. உப்பனாற்று முகத்தில் படகு ஓட்டுபவர்கள் அதை நன்கு அறிவார்கள். ஒரே தொலைவில் இருக்கும் பொருட்களின் ஓதவிசை அவற்றின் நிறைக்கு நேர்விகிதமானது. செவ்வாய் நிலவைப்போல் 8.7 மடங்கு நிறை. எனவே எளிய பெருக்கலின்படி நாள்தோறும் இருமுறை ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கும் கடல். அப்படிப்பட்ட கடல்கள் உலகில் சில இடங்களில் இப்போதும் உள்ளன, மனிதர்கள் அங்கே வாழ்கிறார்கள். நம் ஊர்கள் உள்ளே தள்ளி அமைந்திருக்கும், அவ்வளவே. வெள்ளி 66 மடங்கு. கடலேற்றம் முப்பது மீட்டரைத் தாண்டும், கடலூரும் புதுச்சேரியும் இப்போதுள்ள இடத்தில் இருக்க முடியாது. வியாழனுக்கு அந்தப் பெருக்கல் 25,000 மடங்கைக் கடக்கிறது. கடலின் சராசரி ஆழமே 3.7 கிலோமீட்டர்தான் என்னும்போது அந்த விடைக்குப் பொருளே இல்லை. நீர் மட்டுமன்றி நிலத்தின் பாறையும் பிசையப்படும் நிலை அது. பூமி உடைந்து சிதறிவிடும் என்று சிலர் எழுதுவது மட்டும் சரியன்று. வியாழனின் ஈர்ப்பு பூமியைக் கிழிக்க வேண்டுமானால் பூமி ஏறத்தாழ 1.1 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்க வேண்டும். நிலவின் தொலைவு அதற்கு வெகுதூரம் வெளியே. காலப்போக்கில் ஓத இழுப்பு பூமியின் சுழற்சியைப் பிடித்து நிறுத்தி, ஒரே பக்கம் வியாழனைப் பார்த்திருக்கும்படி செய்துவிடும். அதன்பின் கோளின் எழுச்சியும் மறைவும் இரா. ஒரு பாதி உலகுக்கு அது வானில் அசையாமல் நிற்கும், மறுபாதி அதை ஒருபோதும் காணாது.

இவை எதுவும் ஊகமல்ல என்பதற்குச் சான்று வியாழனிடமே இருக்கிறது. அதன் துணைக்கோளான அயோ, வியாழனிலிருந்து 4,21,800 கிலோமீட்டர் தொலைவில், அதாவது நிலவு நம்மிடமிருந்து இருப்பதைவிடச் சற்றே அதிகமான தொலைவில், 42 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. அதன் திண்மையான நிலப்பரப்பே நூறு மீட்டர் வரை ஏறி இறங்குகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தப் பிசைவில் பிறக்கும் வெப்பம் அயோவின் உட்புறத்தை உருக்க வேண்டும் என்று மூன்று அறிவியலாளர்கள் 1979 மார்ச்சில் எழுதினார்கள். அதே மாதத்தில் அங்கே சென்ற வாயேஜர் 1 விண்கலம், எரிமலைப் புகை விண்வெளிக்குள் பீய்ச்சி எழுவதைப் படமெடுத்து அனுப்பியது. சூரியக் குடும்பத்திலேயே மிகுந்த எரிமலைச் செயல்பாடு உள்ள இடம் அதுதான்.

வியாழன் இரவில் தெரியும் மாதங்களில் உங்கள் மகளைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு சிறு தொலைநோக்கி வழியே அதைக் காட்டுங்கள். வெண்வட்டின் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு புள்ளிகள் வரை தெரியும். அவற்றில் அயோ வட்டை விட்டு வெகுதூரம் விலகுவதே இல்லை, சில நேரங்களில் வட்டின் முன்னாலோ பின்னாலோ மறைந்தும் போகும். அது மிக அதிகமாக விலகி நிற்கும் இரவில், வட்டின் நடுவுக்கும் அந்தப் புள்ளிக்கும் இடையே தெரியும் இடைவெளி ஏறத்தாழ நமக்கும் நிலவுக்கும் உள்ள தொலைவு என்று அவளிடம் சொல்லுங்கள்.